கிளைன்ஃபெல்டர் குறைபாடும் புற்றுநோய் அச்சமும்

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. பரிசோதனையில் விந்தணுவே இல்லை என்று வந்தது. பிறகு குரோமோசோம் சோதனை செய்து, 47,எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் என்று சொன்னார்கள். பள்ளி நாள்களிலிருந்தே எனக்கு மார்பு சற்றுப் பெருத்திருக்கும். சட்டைக்குள் எப்போதும் பனியன் போட்டு மறைத்தே பழகிவிட்டேன். இடது காம்புக்கு அடியில் ஒரு தடிப்பு இருக்கிறது. அழுத்தினால் லேசாக வலிக்கிறது. இந்தக் குறைபாடு உள்ள ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 50 மடங்கு அதிகமாக வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் பெரியம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் நிச்சயம் வருமா? மார்பகத்தை முன்கூட்டியே எடுத்துவிடலாமா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். அது புற்றுநோயைத் தூண்டிவிடாதா? என் தம்பிக்கும் சோதனை செய்ய வேண்டுமா? தினமும் ஐந்தாறு சிகரெட் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் நிச்சயம் வரும் என்பது சரியல்ல. வராமலே போவதற்கான வாய்ப்புதான் மிகப் பெரிது. அதே நேரத்தில், இடது பக்கத் தடிப்பை ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, இன்னதென்று சொல்லும்வரை அதை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏறத்தாழ 600 ஆண்களுக்கு ஒருவர் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கிறார். 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹாரி கிளைன்ஃபெல்டரும் அவருடைய சக மருத்துவர்களும், சிறிய விந்தகங்களும் பெருத்த மார்பும் கொண்ட, விந்தணு உற்பத்தி இல்லாத ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார்கள். அதற்குக் காரணம் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் என்பதை 1959இல் எடின்பரோவில் பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கண்டறிந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஆண்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இது இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். அறிந்தவர்களிலும் பலர் உங்களைப் போலக் குழந்தைப்பேற்றுக்கான பரிசோதனையின்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. புற்றுநோய் பற்றிய கணக்குகள் எல்லாம் கண்டறியப்பட்டவர்களை மட்டுமே வைத்துப் போடப்பட்டவை. ஏதோ ஒரு தொந்தரவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவர்கள்.

நீங்கள் படித்த 50 மடங்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1997இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்த 93 ஆண்களின் குரோமோசோம்களைச் சோதித்தபோது அவர்களில் 7.5 விழுக்காட்டினருக்குக் கிளைன்ஃபெல்டர் குறைபாடு இருந்தது. பொதுவாக ஆண்களில் அது காணப்படும் அளவோடு ஒப்பிட்டு, 50 மடங்கு என்று கணக்கிட்டார்கள். இது நோயாளிகளிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. குறைபாடு உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணிய ஆய்வுகளே இதைவிட நம்பத்தக்கவை. அவற்றுள் பெரியது 2005இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. 1959 முதல் கண்டறியப்பட்ட 3,518 பேரை அது பின்தொடர்ந்தது. அதன்படி மார்பகப் புற்றுநோய் வருவது ஏறத்தாழ 19 மடங்கு. ஆனால் நோய் வந்தவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால், உண்மையான அளவு 5 மடங்காகவும் இருக்கலாம், 49 மடங்காகவும் இருக்கலாம் என்று அதே ஆய்வு வரம்பு கட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பு 696 பேரைக் கவனித்த டென்மார்க் ஆய்வில் ஒருவருக்குக்கூட மார்பகப் புற்றுநோய் வரவில்லை.

இந்த மடங்குகளை எந்த அடிப்படை எண்ணோடு பெருக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த நோய் அதிகமுள்ள மேலை நாடுகளில்கூட ஓர் ஆணுக்கு வாழ்நாள் முழுவதிலும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 800இல் 1. அதை 19ஆல் பெருக்கினால் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர் என்று வரும். மற்ற 98 பேருக்கு வராது. அதே நாடுகளில் பெண்களுக்கு இந்த வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆண்களில் இந்த நோய் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியே தலைகாட்டுகிறது. நூறில் இரண்டு என்பதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணுக்காக 31 வயதில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் உங்கள் சோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்துச் சரிபாருங்கள். அதில் 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்று மட்டும் இருக்கிறதா, அல்லது ஆண்களுக்கு வழக்கமான 46,எக்ஸ்ஒய் என்று இரண்டாவது உயிரணு வகையும் குறிக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு வகை உயிரணுக்கள் கலந்திருப்பதை மொசேயிக் என்கிறோம். பிரிட்டன் ஆய்வில் மார்பகப் புற்றுநோய் இறப்பு இந்தப் பிரிவினரிடம்தான் குறிப்பாக உயர்ந்து காணப்பட்டது. நீங்கள் அந்தப் பிரிவில் இருந்தால் ஆண்டுதோறும் செய்யும் மார்புப் பரிசோதனையை ஒரு முறையும் தவறவிட வேண்டாம்.

இனி உங்கள் தடிப்பு. கிளைன்ஃபெல்டர் குறைபாட்டில் விந்தகங்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனின் கை ஓங்கி, மார்பில் பால் நாளங்களும் அவற்றைச் சுற்றிய நார்த்திசுவும் வளர்கின்றன. புற்றுநோய்க்கு இந்த நாளத்திசுவும், கூடுதல் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களும் காரணம் எனக் கருதப்படுகிறது. சாதாரண மார்புப் பெருக்கமாக இருந்தால் அந்தத் திசு காம்புக்கு நேர் கீழே, காம்பை நடுவாகக் கொண்டு வட்டமாக, ரப்பர் போன்ற மென்திண்மையுடன் இருக்கும். தோலோடும் அடித்தசையோடும் ஒட்டாமல் விரலுக்கு நழுவும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அழுத்தினால் வலிக்கவும் செய்யும். மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து மெல்லக் காம்பை நோக்கிக் கொண்டுவருவார். வெறும் கொழுப்பாக இருந்தால் விரல்கள் தடையில்லாமல் காம்புவரை வந்து சேரும். சுரப்பித் திசு இருந்தால் வட்டத்தின் விளிம்பில் தட்டுப்படும்.

அச்சப்பட வேண்டிய கட்டியின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் காம்பிலிருந்து ஒரு பக்கமாக விலகி, ஒற்றைப் பக்கத்தில், கல்லைப் போலக் கெட்டியாக, விளிம்பு ஒழுங்கின்றி இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. காம்பு உள்ளிழுக்கப்படுவது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிவது, தோல் சுருங்குவது அல்லது புண்ணாவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். நீங்கள் விவரித்திருப்பது முதல் வகையைப் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் கடிதத்தைப் படித்து ஒரு தடிப்பின் தன்மையை முடிவுசெய்வது மருத்துவம் ஆகாது. பொது அறுவை மருத்துவரிடமோ மார்பக நோய்ப் பிரிவிலோ காட்டுங்கள். தேவையெனில் அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் எடுப்பார்கள். மேமோகிராம் ஆண்களுக்கும் எடுக்கலாம். அதன் பிறகும் ஐயம் இருந்தால் ஊசி செலுத்திச் சிறிது திசுவை எடுத்து பயாப்ஸி செய்வார்கள்.

ஆண்களின் மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு முக்கியமான காரணம் கூச்சம். பனியனுக்குள் மறைத்து மறைத்து, அங்கே ஏற்படும் மாற்றத்தைத் தானே பார்க்காமல் போகிறவர்கள் எத்தனையோ பேர். மாதத்தில் ஒரு நாள் குளிக்கும்போது சோப்பு நுரை படிந்த விரல்களால் இரண்டு மார்புகளையும் அக்குள்களையும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடமும் காட்டுங்கள். கட்டி எதுவும் இல்லாதபோது ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும் என்று இந்தக் குறைபாடு உள்ள எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

முன்கூட்டியே மார்பகத்தை எடுத்துவிடலாமா என்றால், புற்றுநோய்க்கு அஞ்சி மட்டும் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பெருத்த மார்பு உங்களைப் பள்ளி நாள்களிலிருந்து வருத்திவந்திருக்கிறது. அந்த வருத்தத்துக்காகவே அறுவை சிகிச்சை செய்துகொள்வது முற்றிலும் நியாயமான காரணம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்படிச் செய்தால் இரண்டு விஷயங்களைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷனில் சுரப்பித் திசு அப்படியே நின்றுவிடக்கூடும். ஆகவே திசுவையும் சேர்த்து எடுக்கிறார்களா என்பது ஒன்று. எடுத்த திசுவை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்களா என்பது மற்றொன்று. அழகியல் சிகிச்சை என்ற பெயரில் எடுத்ததை அப்படியே கழிவில் போட்டுவிட அனுமதிக்காதீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றிய உங்கள் அச்சத்தைப் பலரிடமும் கேட்கிறேன். ஏற்கெனவே மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ புற்றுநோய் இருப்பவருக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது என்பது உண்மை. அதனால்தான் தடிப்பு இன்னதென்று தெரிந்த பிறகே ஊசியைத் தொடங்க வேண்டும் என்கிறேன். ஆனால் குறைபாட்டை ஈடுசெய்யும் அளவில் கொடுக்கப்படும் டெஸ்டோஸ்டிரோன் புதிதாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. புராஸ்டேட் புற்றுநோயைப் பொறுத்தவரை கிளைன்ஃபெல்டர் ஆண்களின் நிலை மற்ற ஆண்களைவிட மேல். பிரிட்டன் ஆய்வின் 3,518 பேரில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆண் ஹார்மோன் குறைவாக இருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். பிற காரணங்களால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட 5,200 ஆண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2023இல் முடிவு வெளியான டிராவர்ஸ் ஆய்விலும், மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே புராஸ்டேட் புற்றுநோயில் வேறுபாடு தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் மற்ற ஆண்களைப் போலவே பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொண்டால் போதும்.

அளவு மீறினால் நிலைமை வேறு. மிகையான டெஸ்டோஸ்டிரோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுவதால், குறைய வேண்டிய மார்பு கூடவும் செய்யலாம். இரத்தமும் கெட்டிப்படும், கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்குக் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் போக்கு ஏற்கெனவே அதிகம் என்பதால் இதில் கவனம் தேவை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, பின்னர் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே ஜிம்மில் கிடைக்கும் ஊசியோ, தெரிந்தவர் சொன்ன அளவோ உங்களுக்கு உதவாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோயோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் காலம் கடந்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். விந்தில் அணுக்கள் இல்லாவிட்டாலும், மைக்ரோ டீசி என்னும் நுண்ணோக்கி அறுவை முறையில் விந்தகத்துக்குள் தேடிப் பார்க்கும்போது, இந்தக் குறைபாடு உள்ள ஆண்களில் 40 முதல் 50 விழுக்காட்டினரிடம் விந்தணுக்கள் கிடைக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். எனவே முதலில் தடிப்புக்கான பரிசோதனை, அடுத்து நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து குழந்தையைப் பற்றி எடுக்கும் முடிவு, அதன் பிறகே ஊசி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மார்பகத்தையே நினைத்து அஞ்சுகிறீர்கள். இந்தக் குறைபாட்டோடு மிக நெருக்கமாகப் பிணைந்த புற்றுநோய் உண்மையில் வேறொன்று. நுரையீரல்கள் இரண்டுக்கும் நடுவில், நெஞ்செலும்புக்குப் பின்னால் தோன்றும் ஜெர்ம் செல் கட்டி அது. கருவில் விந்தகத்தை நோக்கி இடம்பெயர வேண்டிய உயிரணுக்கள் வழியில் நெஞ்சுக்குள் தங்கிவிடுவதால் அது உண்டாவதாகக் கருதப்படுகிறது. நான் குறிப்பிட்ட டென்மார்க் ஆய்வில் மொத்தப் புற்றுநோய் அளவு மற்ற ஆண்களைவிடக் கூடவில்லை. ஆனால் இந்த அரிய கட்டி மட்டும் நால்வருக்கு வந்திருந்தது. பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும் வருவது இது; முப்பதைக் கடந்த உங்களுக்கு அந்த ஆபத்துக் காலம் பெருமளவு முடிந்துவிட்டது. ஆனாலும் வாரக்கணக்கில் நீங்காத இருமல், நெஞ்சுவலி, மூச்சு முட்டல், முகமும் கழுத்தும் வீங்குதல் ஆகியவை வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மருத்துவரிடம் உங்கள் குரோமோசோம் அறிக்கையையும் காட்டுங்கள். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்னும் இரண்டு இரத்தச் சோதனைகள் இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்க உதவும். சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோதெரபிக்கு இது நன்றாகக் கட்டுப்படக்கூடியது. இந்தப் பதிலைப் படிக்கும் பெற்றோரில் யாரேனும் எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ள சிறுவனை வளர்த்துவந்தால், எட்டு ஒன்பது வயதுக்கு முன்பே அவனுக்குக் குரல் உடைவதோ, மறைவிடத்தில் முடி வளர்வதோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இந்தக் கட்டி சுரக்கும் ஹார்மோனால் பூப்பு முந்திவிடுவது உண்டு.

விந்தகப் புற்றுநோயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குழந்தைப்பேற்றுக்கான பரிசோதனைகளின்போது விந்தகத்தை ஸ்கேன் செய்வார்கள், சிறிய முடிச்சுகள் இருப்பதாக அறிக்கை வரக்கூடும். கிளைன்ஃபெல்டர் ஆண்களின் விந்தகங்களில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்கள் பெருகித் திரண்டிருப்பது இயல்பு. அந்த முடிச்சுகள் பெரும்பாலும் தீங்கற்றவை. விந்தகத்தையே எடுத்துவிட வேண்டும் என்று யாரேனும் அவசரப்படுத்தினால், இந்தக் குறைபாட்டை அறிந்த இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயான நான்ஹாட்ஜ்கின் லிம்போமாவால் ஏற்படும் இறப்பு பிரிட்டன் ஆய்வில் 3.5 மடங்கு இருந்தது. அதற்கென்று தனிச் சோதனை ஏதும் இல்லை. கழுத்திலோ அக்குளிலோ கவட்டிலோ வலியற்ற நெறி கட்டி வாரக்கணக்கில் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது கடைசி வரி. 50 மடங்கு என்று படித்த எண்ணுக்கு அஞ்சித் தூக்கத்தைத் தொலைத்த நீங்கள், ஐந்தாறு சிகரெட்டை வேறு கெட்ட பழக்கம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். பிரிட்டன் ஆய்வில் இந்த ஆண்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதும் மற்ற ஆண்களைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. ஒன்றரை என்பது சிறிய மடங்காகத் தெரியலாம். ஆனால் நுரையீரல் புற்றுநோய் ஆண்களுக்கு அரிய நோய் அல்ல. அதில் ஒன்றரை மடங்கு என்பது, அரிய மார்பகப் புற்றுநோயின் 19 மடங்கைவிட அதிக உயிர்களைக் கொண்டுபோகும். குரோமோசோமை மாற்ற உங்களால் முடியாது. சிகரெட்டை விட முடியும். ஒரே நாளில் விட இயலாவிட்டால் நிகோட்டின் சூயிங்கம், பேட்ச், மருந்து எல்லாம் இருக்கின்றன. இந்த மாதமே அதற்கென்று ஒரு மருத்துவரைப் பாருங்கள். எடையையும் குடிப்பழக்கம் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். இரண்டுமே ஈஸ்ட்ரோஜெனைக் கூட்டுபவை. சர்க்கரை நோயும் எலும்புத் தேய்மானமும் இந்தக் குறைபாட்டில் புற்றுநோயைவிட எவ்வளவோ அதிகம் வருபவை. இரத்தச் சர்க்கரையையும் எலும்பு அடர்த்தியையும் இப்போதே ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

உங்கள் தம்பிக்குக் குரோமோசோம் சோதனை தேவையில்லை. தாயின் கருமுட்டையோ தந்தையின் விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் தற்செயலாக நேர்வது இது, பரம்பரையாக வருவதில்லை. தம்பிக்கு விந்தகம் சிறிதாக இருப்பதோ மார்பு பெருத்திருப்பதோ தெரிந்தால் மட்டும் அவரும் மருத்துவரைப் பார்க்கட்டும்.

ஆனால் உங்கள் பெரியம்மாவின் நோய் வேறு கணக்கு. அம்மாவின் அக்காவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது என்றால், அந்தக் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள ஆணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூறில் ஏழு அளவில் இருக்கும். கூடுதல் எக்ஸ் குரோமோசோம் தரும் ஆபத்தைவிட இது பெரிது. பெரியம்மா இருக்கிறார் என்றால் சோதனையை அவரிடமிருந்து தொடங்குவதே முறை; அவருக்கு அந்த மாற்றம் இருந்தால்தான் மற்றவர்கள் சோதிக்க வேண்டிய அவசியம் வரும். புற்றுநோய் மருத்துவமனைகளில் மரபியல் ஆலோசனைப் பிரிவு இருந்தால் அங்கே கேளுங்கள். இதையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரியம்மாவின் நோயால் ஆபத்து கூடுவது உங்களைக் காட்டிலும் உங்கள் அம்மாவுக்குத்தான். உடன்பிறந்த அக்காவுக்கு அந்த வயதில் நோய் வந்திருக்க, அம்மா இதுவரை மேமோகிராம் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், உங்கள் தடிப்பைக் காட்டப் போகும் அதே நாளில் அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.